தட்டாமல் அழுத பிள்ளை

புதிதாகப் பிரசவ அறைக்கு வந்திருக்கும் தங்கைகளே! ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் இடது கை சில நேரம் தானாக மூடித் திறக்கும். "இன்னிக்கு யாரு காலப் புடிக்கப் போற?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். "கால் இல்லீங்க, தாடை!" என்று நான் திருத்துவேன். பிள்ளைகளின் காலைப் பிடித்தே பழகிய கை, தாடையைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஊசி போடுவதையும் ரத்த அழுத்தம் பார்ப்பதையும் உங்களுக்கு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதற்கு நான் எதற்கு?

நான் தெற்கே சாத்தான்குளம் பக்கத்துக்காரி. கொல்லிமலை ஆஸ்பத்திரிக்கு நர்சாக வேலை உத்தரவு வந்தபோது அழுதுகொண்டே பஸ் ஏறினேன், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே மேலே போனேன். ஒன்றிரண்டு வருடத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்பதுதான் என் திட்டம். ஓடவில்லை. கல்யாணம் ஆகி அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் குடித்தனம் வைத்த பிறகும் மலை வேலையை விடவில்லை. ஏன் என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்கிறேன், புகழ்தான் காரணம். மலையில் எனக்கு அப்படி ஒரு பேர் இருந்தது.

என் பேர் என் தட்டில் இருந்தது. நாங்கள் படித்த காலத்தில், பிறந்த பிள்ளை அழவில்லை என்றால் இரண்டு காலையும் ஒரே கையில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, முதுகில் ஒன்று வைப்பார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்தார்கள், எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் என் தட்டுக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. வெளியே வராந்தாவில் காத்திருக்கிறவர்களுக்கு முதலில் அந்தச் சத்தம் கேட்கும், அடுத்து பிள்ளையின் வீறல் கேட்கும். "நர்சக்கா தட்டிட்டாங்க!" என்று ஒரே ஆரவாரம் கிளம்பும்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை ஒரு நாடு என்பார்கள்; வாழவந்தி நாட்டிலும் பெரக்கரை நாட்டிலும் இன்றைக்கு மோட்டார் சைக்கிளில் பறக்கிற பையன்களில் பாதிப் பேர் என் கையில் தலைகீழாகத் தொங்கியவர்கள். பஸ்ஸில் ஏறினால் எவனாவது ஒருவன் எழுந்து இடம் கொடுப்பான். "உக்காருங்கக்கா. என்னைய நீங்கதான் அடிச்சு அழ வெச்சீங்கன்னு அம்மா சொல்லுச்சு" என்பான். நாளாக ஆக அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. தானாக அழுதுகொண்டு பிறந்த பிள்ளையைக்கூட என்னிடம் நீட்டி, "ராசிக்கு ஒரு தட்டுத் தட்டிக் குடுங்கக்கா" என்று கேட்பார்கள். வலிக்காமல் ஒன்று தட்டிக் கொடுப்பேன், எனக்கும் உச்சி குளிர்ந்துவிடும்.

இப்படி ராணி மாதிரி இருந்தவளுக்குத்தான் ஒரு நாள் பயிற்சிக்கு வரச்சொல்லி உத்தரவு வந்தது.

கீழே ஒரு பெரிய கூடத்தில் பயிற்சி. பாடம் எடுத்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முன்னால் மேசை மேல் ரப்பர் குழந்தைப் பொம்மை ஒன்று கிடந்தது. "பிள்ளை அழலை. என்ன செய்வீங்க? யாராவது வந்து செஞ்சு காட்டுங்க" என்றார். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை எல்லோருமாகப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். நானும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். பொம்மையின் காலைப் பிடித்தேன், தூக்கினேன், வைத்தேன் ஒன்று! கூடமே கைதட்டியது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "சிஸ்டர், இப்ப இதோட நெஞ்சுக்குள்ள காத்து போச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நான் குனிந்து பொம்மையின் நெஞ்சைப் பார்த்தேன். அவரே முகமூடி மாட்டிய ரப்பர் பை ஒன்றை, ஆம்பு பேக்கை, என் கையில் கொடுத்தார். முகமூடியை மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி வைத்து, பையை அமுக்கினால் உள்ளே காற்றுப் போகும், சரியாகப் போனால் பொம்மையின் நெஞ்சு ஏறும். நான் அமுக்கினேன். ஏறவில்லை. இன்னும் பலமாக அமுக்கினேன், காற்று பக்கவாட்டில் புஸ்ஸென்று போனது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. "இந்தப் பொம்மைக்கு உங்க பேர் தெரியாது சிஸ்டர், முறையா செஞ்சாத்தான் மூச்சு விடும்" என்றார் அந்தப் பெண். என் இடது கையைப் பிடித்து, இரண்டு விரல் முகமூடி மேல், மற்ற மூன்றும் தாடைக்கு அடியில் என்று எடுத்து வைத்தார். விரல்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டன.

பிறகு எல்லோருக்குமாகச் சொன்னார். தலைகீழாகத் தூக்குவது பச்சைப் பிள்ளைக்கு ஆபத்து. தட்டினால் அழுகிற பிள்ளை துணியால் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே அழுதுவிடும். துடைத்தும் அழாத பிள்ளைக்கு அடி எதற்கு, அதற்குக் காற்றுதான் வேண்டும், அதுவும் பிறந்த ஒரு நிமிடத்துக்குள் வேண்டும். இவ்வளவுதான் பாடம்.

மலைக்கு வேலைக்குத் திரும்பும் பஸ்ஸில் பாதி வளைவு வரைக்கும் அந்தப் பெண்ணை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். நேற்றுப் பிறந்தவள் எனக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுக்கிறாளா? மீதிப் பாதியில் திட்டு வரவில்லை. நான் தூக்கும்போதே முனக ஆரம்பித்திருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தார்கள். தட்டியும் அழாமல் போன சில பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களைப் பற்றி அப்போது 'கர்த்தருடைய சித்தம்' என்று சொல்லியிருந்தேன். மலை உச்சியில் இறங்கும்போது மனசுக்கு விளங்கிவிட்டது, இனித் தட்டக் கூடாது.

மனசுக்கு ஒரு பஸ் பயணம் போதுமாக இருந்தது. கை லேசில் வழிக்கு வரவில்லை! இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். புதுப் பழக்கத்தைக் கற்றுக்கொள்வதில் அவ்வளவு கஷ்டம் இல்லை. பழைய பழக்கம் உள்ளே இருந்துகொண்டே, கூப்பிடாமலே முன்னால் வந்து நிற்கும், அதுதான் கஷ்டம். பிள்ளை வெளியே வந்ததும் என் இடது கை கணுக்காலைத் தேடிப் போகும். அப்போது என்னோடு வேலை பார்த்த இளம் நர்ஸ் மகேசிடம், "என் கை தப்பான இடத்துக்குப் போனா 'சிஸ்டர், கை'ன்னு சொல்லு" என்று நானே சொல்லிவைத்தேன். அவளும் கொஞ்சமும் தயவு தாட்சணியம் இல்லாமல் சொன்னாள். இத்தனை வருட அனுபவம் உள்ளவள், வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி கையை இழுத்துக்கொள்வேன். கோபம் காதுவரை ஏறும். அவள் சொல்லச் சொல்ல, சொல்லாமல் இருந்தால் தேவலையே என்று இருக்கும்.

வீட்டில் துண்டைச் சுருட்டிப் பிள்ளையாக்கி, அதன் மேல் முகமூடி பிடித்துப் பழகினேன். என் வீட்டுக்காரர், "துண்டு பொழச்சிருச்சா?" என்று கேட்பார். தோசை திருப்பும்போது விரல் வலித்தது. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான், கடிக்கிறதே என்று கழற்றி எறிந்தால் பழைய செருப்புத்தான் மிச்சம். எரிச்சல் வரும்போது அதை விரட்டப் பார்க்காதீர்கள். அதுபாட்டுக்கு ஒரு ஓரத்தில் முணுமுணுக்கட்டும், நீங்கள் கையில் இருக்கிற வேலையைப் பாருங்கள். வசதியாக இருக்கிற வரைக்கும் நாம் பழையதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

விரல் வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மலைக்காரர்களின் முகம் வாடியதைத்தான் பொறுக்க முடியவில்லை. "ராசிக்கு ஒரு தட்டு" என்று பிள்ளையை நீட்டுவார்கள். "வேண்டாங்க, புள்ள நல்லாத்தான் இருக்குது" என்பேன். கேட்டவர் முகம் விழுந்துவிடும். ஒரு நாள் நெரிசலான பஸ்ஸில் முதுகு காட்டி நின்ற எனக்குப் பின்னால் மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள், நான் இருப்பது தெரியாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். "நர்சக்காளுக்குக் கைராசி போயிருச்சாமா. இப்பெல்லாம் தட்டறதே இல்லியாமா. வயசாயிருச்சுல்ல?" அன்றைக்கு எவனும் எழுந்து இடமும் கொடுக்கவில்லை, நின்றுகொண்டேதான் போனேன்.

இப்படி இருக்கும்போதுதான் சத்யா வந்தாள்.

சத்யா பெரக்கரை நாட்டுப் பெண், தலைப்பிரசவம். அவள் பிறந்ததும் என் கையில்தான். அவள் அம்மா பழனியம்மா மரவள்ளியும் மிளகும் போட்டிருக்கிற விவசாயி, வாய் ஓயாத பெண்பிள்ளை. என் தட்டின் புகழை மலை முழுக்கப் பரப்பியதே அவள்தான். "எம்புள்ள செத்துப் பொறந்தா. அக்கா ஒரே தட்டு, கத்திட்டா பாருங்க!" என்று சந்தையில், கோயிலில், பஸ்ஸில் எல்லா இடத்திலும் சொல்லிவைத்திருந்தாள். கைராசி போய்விட்டது என்ற பேச்சை அவள் நம்பவே இல்லை. மகளை என்னிடம்தான் கொண்டுவருவேன் என்று அடம்பிடித்துக் கொண்டுவந்தாள்.

காலையிலிருந்து மழை. ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் எதிரில் இருந்த பலாமரம்கூடத் தெரியவில்லை. டாக்டர் கூட்டத்துக்குக் கீழே போயிருந்தார். பிரசவம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசியில்தான் இழுத்துவிட்டது. ஆம்புலன்சுக்குச் சொன்னோம். வழியில் மரம் விழுந்து கிடக்கிறது, வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பழனியம்மா கூடவே நின்றாள். "இன்னொரு வாட்டி முக்கு சாமி, தலை தெரியுது கண்ணு" என்று நானும் மகேசும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிள்ளை வந்தது. அழவில்லை.

நீல நிறம். கையும் காலும் துவண்டு கிடந்தன. கொடியை வெட்டியாயிற்று, விளக்குச் சூட்டில் மேசை மேல் போட்டாயிற்று. அடுத்து நான் பார்க்கும்போது என் இடது கைக்குள் இரண்டு கணுக்காலும் இருக்கின்றன! எப்போது பிடித்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. மகேஸ் சத்யாவின் பக்கம் நின்றாள், ரத்தப்போக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது, பயத்தில் சத்தம் வரவில்லை.

"கை!" என்று நானே கத்தினேன்.

அறையே அதிர்ந்தது. கை விட்டது. துண்டை எடுத்துத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன். ஒன்றும் இல்லை. ஆம்பு பேக்கை எடுத்து முகமூடியை வைத்து அமுக்கினேன். நெஞ்சு ஏறவில்லை.

பழனியம்மா ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். "ஏக்கா, என்னக்கா பண்றீங்க? தட்டுங்கக்கா! இவளத் தட்டுனீங்கல்ல, அதே மாதிரி தட்டுங்க! உங்க காலுல உழுவறேன், ஒரு தட்டுத் தட்டுங்க!"

தங்கைகளே, அந்த ஒரு நொடியில் என் மனசு போட்ட கணக்கை உங்களிடம் மறைக்க மாட்டேன். தட்டிவிட்டுப் பிள்ளை போனால் எனக்கு ஒரு கெட்ட பேரும் வராது. நர்சக்கா தட்டித்தான் பார்த்தாங்க, விதி, என்று எனக்காகப் பழனியம்மாவே எல்லோரிடமும் சொல்லுவாள். தட்டாமல் பிள்ளை போனால், பையை அமுக்கிக்கொண்டு சும்மா நின்று சாகவிட்டாள் என்று மலை முழுக்கச் சொல்லும். பழைய வழியில் போனால் தோற்றாலும் பத்திரம். புது வழியில் நான் ஜெயித்தே ஆக வேண்டும். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு, எனக்கு எது பத்திரம் என்று மனசு கேட்கும், கேட்கட்டும். மேசை மேல் கிடக்கிற உயிருக்கு எது வேண்டும் என்பதை மட்டும் பாருங்கள்.

"பழனியம்மா, தோள விடு. புள்ளைக்குக் காத்து வேணும். விடு" என்றேன். குரல் எப்படி நிதானமாக வந்தது என்று எனக்கே தெரியாது. அவள் விட்டாள்.

தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தேன். முகமூடியை எடுத்து மறுபடி வைத்தேன். இரண்டு விரல் மேலே, மூன்று விரல் தாடையில். துண்டுச் சுருளோடு மல்லுக்கட்டிய அத்தனை நாளும் அந்த மூன்று விரலில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அமுக்கினேன்.

ஏறியது! உள்ளங்கை அளவு நெஞ்சு, மேலே எழும்பி இறங்கியது! "ஏறுது சிஸ்டர்!" என்று மகேஸ் அங்கிருந்து கத்தினாள். "அமுக்கு, விடு, விடு. அமுக்கு, விடு, விடு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அமுக்கினேன். நெஞ்சின் நடுவில் இருந்து நிறம் மாற ஆரம்பித்தது. நீலம் விலகி ரோஸ் நிறம் பரவியது, கண்ணால் பார்த்தேன். ஒரு கை விரல் மடங்கியது. ஒரு கால் உதைத்தது. முகமூடிக்குள் ஒரு தும்மல். தூக்கிவிட்டேன் முகமூடியை.

அழுதது பாருங்கள்! முதலில் முனகல், அப்புறம் வீறல், வராந்தாவில் இருந்த சத்யாவின் புருசன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். யாரும் தட்டாமல் அழுத அழுகை. எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. "ஏசுவே, ஏசுவே" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைத் துணியில் சுற்றிச் சத்யாவின் நெஞ்சில் போட்டேன். "பொம்பளப் புள்ள கண்ணு" என்றேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை என் உத்தியோகத்தில் அதற்கு முன் நான் அனுபவித்தது இல்லை, புகழில் இருந்த காலத்திலும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மரத்தை வெட்டி எடுத்து ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் மழையும் விட்டிருந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு முறை பிள்ளையைக் காட்டிவிடலாம் என்று ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். அதுவரை சுவரோரமாக உட்கார்ந்திருந்த பழனியம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்கக்கா, இது தட்டாமயே அழுதுருச்சே. அப்ப அன்னைக்கு இவளத் தட்டுனது?"

மகேஸ் என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் பையை அமுக்கி ஒரு உயிர் எழுந்த அதே அறையில் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"தட்டியிருக்க வேண்டியதில்ல பழனியம்மா. நான் தூக்கும்போதே அவ முனகிட்டா. தொடச்சிருந்தாலே போதும். அவளேதான் அழுதா" என்றேன்.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். ஏமாற்றிவிட்டாய் என்பாள், மலை முழுக்கச் சொல்லுவாள், இருக்கிற பேரும் போகும் என்று காத்திருந்தேன். பழனியம்மா மகளைப் பார்த்தாள், பேத்தியைப் பார்த்தாள், மறுபடி மகளைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்த மாதிரி நான் யார் முகமும் மலர்ந்து பார்த்ததில்லை.

"அட சாமி! இத்தன வருசமா அக்கா அடிச்சுத்தான் நீ பொழச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே. நீயேவா கண்ணு பொழச்ச?"

சத்யா களைத்துப்போய்க் கிடந்தவள், பிள்ளையை அணைத்தபடி சிரித்தாள். "அப்பறம்? என்னைய என்னன்னு நெனச்ச?" என்றாள்.

பழனியம்மா வாய் சும்மா இருக்குமா? அடுத்த வாரத்துக்குள் செய்தி எல்லா நாட்டுக்கும் போய்விட்டது. என் தட்டின் புகழ் அதோடு முடிந்தது. கொஞ்ச நாள் கழித்து நான் மேலே போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது, மீசை அரும்பிய ஒரு பையன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, என்னையும் நீங்க தட்டுனதா அம்மா சொல்லும். நானும் நானாத்தான் அழுதனா?"

"ஆமா சாமி, நீயாத்தான் அழுத" என்றேன்.

அடுத்த வளைவு வரைக்கும் அவன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நின்றான். அப்புறம் உட்கார்ந்திருந்த தன் தோழனைத் தட்டி எழுப்பி, எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தான்.